பத்து பர்சென்ட் பம்மாத்து

சீரம் பாட்டிலின் நெற்றியில் இப்போதெல்லாம் பெயரைவிட எண்தான் பெரிசாக இருக்கிறது. நியாசினமைடு 10%. பக்கத்துக் கம்பெனி 12 என்கிறது, இன்னொன்று 20 என்கிறது. என்ன மக்களே, ஏலமா நடக்கிறது?

நியாசினமைடு டுபாக்கூர் இல்லை. வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம். ஆனால் அதற்கு நல்ல பெயர் வாங்கித் தந்த ஆய்வுகளைப் பாருங்கள். 1995-ல் முகப்பருவுக்குச் சோதித்தது 4% ஜெல்; எட்டு வாரத்தில் 1% கிளிண்டாமைசின் ஜெல்லுக்கு ஈடாக நின்றது. 2002-ல் கருந்திட்டுகளுக்குச் சோதித்தது 5%. வெயில் கருமைக்கு, சன்ஸ்கிரீனோடு சேர்த்து, வெறும் 2%. அப்புறம் இந்த 20 யாருக்காக?

விற்பவனுக்காகத்தான். எல்லார் பாட்டிலிலும் ஒரே சரக்கு. விலையைக் குறைத்துப் போட்டி போட்டால் லாபம் காலி. எண்ணைக் கூட்டினால் செலவும் பெரிதாக ஏறாது, வாங்குகிறவரே "அஞ்சுக்கு இருபது நாலு மடங்கு" என்று கணக்குப் போட்டுக்கொள்வார். கம்பெனி பொய்கூடச் சொல்ல வேண்டாம்! உப்பை நாலு மடங்கு போட்டால் சாம்பார் ருசிக்குமா? சிலருக்கு எரிச்சலும் சிவப்பும்தான் இலவச இணைப்பு. அது வந்ததும் "என் ஸ்கின்னே சரியில்லை" என்று அடுத்த பாட்டில் வாங்க ஓடுகிறார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை.

இன்னொன்று. இது நிறமியைத் தோலின் மேல் செல்களுக்குக் கடத்துவதைத்தான் மட்டுப்படுத்தும். திட்டு மங்கலாம், பிறவி நிறம் மாறாது.

கொசுறு: 2020-ல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறிய 'ஃபேர் அண்ட் லவ்லி'யிலும் இதே நியாசினமைடுதான். அந்த ட்யூபைக் கிண்டலடித்துவிட்டுத்தான் சொட்டுமருந்துக் குப்பியில் அதையே வாங்குகிறார்கள் :-)