அரிய சொற்களை ஏன் அறிய வேண்டும்?

ஸ்கிராபல் எனும் சொல் விளையாட்டை ஆங்கிலத்தில் ஆடியவர்கள் ‘கியூ’ எனும் எழுத்தை மறக்கமாட்டார்கள். ஆட்டப் பெட்டியில் அவ்வெழுத்துக்கு ஒரே ஒரு கட்டைதான் உண்டு. அதன் மதிப்போ 10 புள்ளி. ஆகவே, மாணவர்கள் சிலர் ‘கியூ’வில் தொடங்கும் அரிய சொற்களைத் தேடிப் பட்டியலிடுகின்றனர், அவற்றைத் தங்கள் கட்டுரைகளிலும் புகுத்திப் பார்க்கின்றனர். இவ்வாறு அரிய சொற்களைச் சேகரிப்பதால் பயன் உண்டா? பட்டியலை மனனம் செய்வதால் பெரும்பயன் விளையாது. ஒரு சொல் எங்கிருந்து வந்தது, எதைக் குறித்தது என விசாரித்து அறிவதே பயன் தரும் என்பது என் கருத்து.

முதலில் அந்த எழுத்தையே விசாரிப்போம். அரசியைக் குறிக்கும் ‘குவீன்’ எனும் சொல்லைப் பழைய ஆங்கிலத்தில் ‘சி’ எனும் எழுத்தைக் கொண்டே தொடங்கினர். 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதன்பின் பிரெஞ்சு எழுத்துமுறை பரவி, ‘கியூ’ அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பாயான் லெப்பாஸ் குவீன்ஸ்பே பேரங்காடியின் பெயர்ப்பலகையில் நாம் காணும் முதல் எழுத்து இப்படி வந்ததே. மலாய்மொழி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. ‘குவிஸ்’ எனும் ஆங்கிலச் சொல்லை அது ‘கே’ எழுத்திட்டுத் தன் ஒலிக்கேற்ப எழுதுகிறது. நாமோ புதிர்ப்போட்டி என்கிறோம். எல்லா மொழிகளும் கடன் வாங்குகின்றன. வாங்கியதைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்கின்றன.

அடுத்து, ‘குவெர்ன்’ எனும் சொல்லைக் காண்போம். இன்று ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சில் இதைக் கேட்பது அரிது. அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் நூல்களிலும் பார்க்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு வட்டக் கற்கள். மேற்கல்லின் குழியில் தானியத்தை இட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் மாவு விழும். இது நம் முன்னோர் வீட்டுத் திருகைதானே! நீராலும் காற்றாலும் இயங்கும் மாவு ஆலைகள் பெருகியதும் அங்கே வீடுகளிலிருந்து கல் நீங்கியது; கல்லோடு சொல்லும் நீங்கியது. மின்னரைப்பான் வந்தபின் நம் வீடுகளிலும் அதுவே நிகழ்ந்தது. திருகை என்றால் என்னவென்று கேட்டால், நம் மாணவர்களில் எத்தனை பேர் விடை கூறுவர்?

‘குயர்’ எனும் சொல்லின் கதை இதற்கு மாறானது. 24 அல்லது 25 தாள்கள் கொண்ட ஓர் அடுக்கை அது குறிக்கும். நந்நான்கு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. அக்காலத்தில் நான்கு தாள்களை ஒன்றாக மடித்துத் தைத்து நூலாக்கினர். ஆங்கிலத்தில் அருகிவிட்ட இச்சொல், தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பள்ளி தொடங்கும் காலத்தில் கடைக்காரரிடம், “ரெண்டு குயர் நோட்டு ஒண்ணு கொடுங்க அண்ணே” என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒரு மொழியில் அரிதான சொல் மற்றொரு மொழியில் எளிய சொல்லாக வாழக்கூடும்.

சில வேளைகளில் சொல்லாராய்ச்சி நம்மை நம் வரலாற்றுக்கே அழைத்துச் செல்லும். ‘குவாரண்டின்’ எனும் சொல்லை 2020இல் நாம் அனைவரும் அறிந்துகொண்டோம். நாற்பது நாள் என்பதே அதன் மூலப்பொருள். நோய் பரவாமலிருக்க, வெனிஸ் நகரத்தார் கப்பல்களை நாற்பது நாள் காத்திருக்கச் செய்தனர். பாயான் லெப்பாஸ் கடற்கரைக்கு எதிரே ஜெரெஜாக் தீவு தெரிகிறதல்லவா? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பும் தனிமைப்படுத்தும் நிலையமும் அமைந்தன. தமிழகத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கு வந்த தொழிலாளர்கள், தோட்டங்களுக்குச் செல்லுமுன் அத்தீவில் தங்க வைக்கப்பட்டனர். நம்மில் சிலருடைய பாட்டனாரும் பூட்டியும் இந்நாட்டில் முதலில் கால் வைத்த மண் அதுவாக இருக்கலாம். பட்டியலை மட்டும் மனனம் செய்தவருக்கு இச்செய்தி கிட்டாது.

தேர்வுக்கு உதவாத சொற்களைத் தேடுவது நேர விரயம் எனச் சிலர் கூறுவர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஊர்வம்பைத் தேடி அலைபவரை ஆங்கிலத்தில் ‘குவிட்நங்க்’ என்பர். இச்சொல்லைக் கட்டுரையில் எழுதினால், படிப்பவர் அகராதியைத் தேடவேண்டி வரும். கருத்து தடைபட்டால், எழுதியவரின் சொல்வளத்தால் யாருக்கு இலாபம்? எழுதும்போது தெளிவான சொல்லையே தேர்ந்தெடுக்க வேண்டும். எனினும், எழுதப் பயன்படாத சொல்லும் சிந்திக்கப் பயன்படும். ஒரு சொல்லின் பிறப்பைத் தேடிப் பழகியவர், அடுத்த சொல்லையும் கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

மாணவர்களே, ஆங்கிலத்தின் அரிய சொற்களைத் தேடுங்கள். அதே ஆர்வத்தோடு தமிழ்ச் சொற்களையும் தேடுங்கள். உரல், உலக்கை, முறம், திருகை ஆகியவற்றின் பெயர்களும் அவற்றைப் பயன்படுத்திய முறையும் இன்னும் நம் தாத்தா பாட்டியின் நினைவில் உள்ளன. ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி காத்திருக்கும். பாட்டியின் நினைவு நெடுங்காலம் காத்திருக்காது. இவ்வாரமே ஒரு சொல்லைக் கேட்டு, அதன் பொருளோடு எழுதி வையுங்கள்.