யார் ஏழை? சர்க்கார் கணக்கும் நம் கணக்கும்



பிள்ளை கல்லூரிக்குப் போகிற வயது வந்ததும் சர்க்கார் நம்மிடம் ஒரே கேள்விதான் கேட்கிறது: "உன் வருமானம் எவ்வளவு?" செலவு எவ்வளவு என்று கேட்பதே இல்லை. சூழ்ச்சி அங்கேதான் இருக்கிறது.

தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் தரப்படும் மத்திய உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பை 2013-இல் 2,50,000 ரூபாய் ஆக்கினார்கள். 2021-இல் புது விதிகள் வந்தன, வரம்பு அசையவில்லை. இடையில் அரிசி விலை அசையாமல் இருந்ததா? வீட்டு வாடகை அசையாமல் இருந்ததா?

தாராவியில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பன் நாக்காவில் நின்று பெயின்ட் வேலைக்குப் போகிறவன். கூலி 800 ரூபாய். தாய் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து மாதம் 4,000 கொண்டுவருகிறாள். மாதம் 25 நாள் வேலை என்று மேசையில் உட்கார்ந்து பெருக்கினால் ஆண்டுக்கு 2,88,000 ரூபாய். கதவு அடைப்பு! மழைக்காலம் நாலு மாதமும் பாதி நாள் வேலையில்லை என்பதைச் சேர்த்துப் போட்டால் 2,48,000தான். கதவு திறக்க வேண்டும். பெருக்கியவர் மழையில் நின்றதில்லை. பிள்ளையின் படிப்பு நின்றுபோகிறது.

வாடகை 6,000 வீதம் ஆண்டுக்கு 72,000 போகிறதே, அது கழியுமா? கழியாது. ஆனால் 2010 விதிகளைப் பாருங்கள்: சம்பளக்காரருக்குக் கிடைக்கும் வீட்டு வாடகைப்படி, வருமான வரியில் விலக்குப் பெற்றிருந்தால், இந்தக் கணக்கிலும் சேராது. வாடகைப்படி வாங்குகிறவருக்குச் சலுகை; வாடகை கொடுக்கிற கூலிக்காரனுக்கு இல்லை!

2019-இல் முன்னேறிய சாதியினரில் ஏழைகளுக்கு 10 சதவீத இடஒதுக்கீடு கொண்டுவந்தவர்கள், 8 இலட்சம் ரூபாய்க்குக் கீழ் வருமானம் உள்ளவரை ஏழை என்றார்கள். "அது இடம், இது பணம்" என்று சமாதானம் சொல்வார்கள். ஏழை என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அகராதியா என்பதே நம் கேள்வி.

இத்தனையும் தாண்டினாலும் எந்த மாநிலம் கொடுப்பது? நிரந்தரக் குடியிருப்பு எந்த மாநிலமோ அதுதான் கொடுக்கும் என்பது விதி. 1950-க்குப் பின் மராட்டியம் வந்த தாழ்த்தப்பட்டவருக்குச் சாதி உரிமை பூர்வீக மாநிலத்தில்தான். தமிழ்நாட்டிலோ, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், அங்குள்ள அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்கு. மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த நம் மகள் எந்த ஊர்ப் பெண்?

ஆகவே கேட்கிறோம்:

1. வரம்பை விலைவாசியோடு சேர்த்து ஆண்டுதோறும் உயர்த்து!
2. தினக்கூலியின் வருமானத்தை உண்மையில் வேலை கிடைத்த நாளைக் கொண்டு கணக்கிடு, வாடகையைக் கழி!
3. பிழைக்க வந்தவர் பிள்ளைக்கு, படிக்கிற ஊரிலேயே உதவித்தொகை கொடு!

இது பிச்சை அல்ல. இந்த நகரத்தின் சுவர்களுக்கு வண்ணம் பூசியவன் கேட்கும் பாக்கி.