லாட்டரி என்றொரு குதிரை

பழவங்காடி கணபதி கோயிலில் சிதறு தேங்காய் உடைபடும் சத்தம் ஓய்வதே இல்லை. அக்கம்பக்கத்து லாட்டரிக் கடைகளில் கூட்டமும் ஓய்வதில்லை. 2022 ஓணம் பம்பரில் முதல் பரிசான 25 கோடி ரூபாய் விழுந்த சீட்டு விற்பனையானது இதே பழவங்காடியில்தான். ஊர் இன்னும் அதை மறக்கவில்லை.

நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் வேலை பார்ப்பவர் தென்காசிப் பக்கத்துக்காரர். தினமும் ஒரு சீட்டு வாங்குபவர். ஒருநாள் என் கையிலிருந்த தாள்களை எட்டிப் பார்த்து, "என்ன சார், குதிரைப் படம்?" என்றார். இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு அருகே ஏன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தைப் பற்றிய கட்டுரை அது, மொழிபெயர்ப்புக்கு வந்திருந்தது. சுமார் ஏழு கிலோமீட்டர் ஓட்டம், வழியில் 30 முறை வேலி தாண்ட வேண்டும். இந்த வகைப் பந்தயத்துக்கு ஸ்டீப்பிள்சேஸ் என்று பெயர். அயர்லாந்தில் 1752-ல் இரண்டு பேர் ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்தைக் குறிவைத்து, குறுக்கே வந்த வேலி, வாய்க்கால் எல்லாவற்றையும் தாண்டிக் குதிரை ஓட்டியதில் பிறந்த பெயர் என்பார்கள். தமிழில் 'தடைதாண்டும் ஓட்டம்' என்று எழுதினால் கோபுரம் காணாமல் போய்விடுகிறது.

"ஜெயிச்ச குதிரை பேரெல்லாம் இதுல இருக்கா சார்?"

"இருக்கு. 1839-ல முதல்ல ஜெயிச்ச குதிரையோட பேரே லாட்டரி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா சார்!"

பெயரைச் சொன்னது என் தப்பு. பட்டியலில் அதற்குப் பிறகு வருபவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். ரெட் ரம் என்ற குதிரை 1973, 1974, 1977 என மூன்று முறை வென்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாவது இடம். காலில் எலும்பு நோய் இருந்த குதிரை அது. பழைய கார் வியாபாரம் செய்துவந்த ஒரு பயிற்சியாளர், சவுத்போர்ட் கடற்கரை மணலிலும் உப்புத் தண்ணீரிலும் தினமும் ஓடவிட்டு அதைத் தேற்றினார். ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அது இரண்டாவது இடத்துக்குக் கீழே போகவில்லை. இதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்க முடியாது.

நம் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974-ல் சட்டம் கொண்டுவந்தது. 1986-ல் மதராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். வழக்கு நீண்டு, 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குதிரையின் ஆற்றல், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் இவையே வெற்றியைப் பெரிதும் தீர்மானிப்பதால் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்றது நீதிமன்றம்.

ஆனால் அதே கிராண்ட் நேஷனல் பட்டியலில் 1967-க்கு நேராக ஃபாய்னவான் என்ற பெயர் இருக்கிறது. ஒன்றுக்கு நூறு என்று கைவிடப்பட்ட குதிரை. உரிமையாளரும் பயிற்சியாளரும்கூட அன்றைக்கு மைதானத்துக்கு வரவில்லை. ஆள் இல்லாமல் ஓடிய ஒரு குதிரை 23-வது வேலியில் குறுக்கே பாய, முன்னால் போன குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றுவிட்டன. வெகு பின்னால் வந்த ஃபாய்னவான் ஒரு சந்து பார்த்துத் தாண்டிப் போய் ஜெயித்தது. ஓடியவை மொத்தம் 44 குதிரைகள்.

அதே 1967-ல்தான் கேரள அரசு லாட்டரித் துறையைத் தொடங்கியது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். அந்த வருமானத்தில் ஏழைகளின் சிகிச்சைக்கு உதவி கிடைத்திருக்கிறது. வேறு வேலை செய்ய முடியாத எத்தனையோ பேர் சீட்டு விற்றுச் சாப்பிடுகிறார்கள். இதை மறைக்கக் கூடாது. தமிழகமோ 2003-ல் லாட்டரியைத் தடை செய்துவிட்டது. அதனாலேயே எல்லை தாண்டி வந்து சீட்டு வாங்கும் தமிழர்கள் உண்டு.

குதிரைப் பந்தயத்தில் ஃபாய்னவான் அபூர்வம். லாட்டரியில் ஜெயிப்பவர்கள் எல்லோருமே ஃபாய்னவான்தான். எடைபோட அங்கே காலும் இல்லை, பயிற்சியும் இல்லை. 2022 ஓணம் பம்பரில் விற்றவை 60 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள், ஒவ்வொன்றும் 500 ரூபாய். முதல் பரிசு ஒன்றே ஒன்று. அதை வென்றவரும் சில நாட்களிலேயே, உதவி கேட்டு வருபவர்களால் வீட்டில் இருக்க முடியவில்லை, நிம்மதி போய்விட்டது என்று பத்திரிகைகளிடம் வருந்தினார்.

மறுநாள் டீக்கடைக்காரரிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். தினம் 50 ரூபாய் என்றால் வருடத்துக்கு 18,250 ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவர் கடன் வாங்கியிருந்த தொகை இதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஃபாய்னவான் கதையையும் சொன்னேன்.

கண்ணாடித் தம்ளரைக் கழுவியபடியே யோசித்தார். "சார், அந்தக் கடைசிக் குதிரை நமக்கெங்கேன்னு ஓடாம நின்னிருந்தா ஜெயிச்சிருக்குமா?"

"அது 30 வேலியையும் தாண்டிச்சு அண்ணே. உங்க சீட்டு எதைத் தாண்டுது?"

அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை. அன்றைய சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. மூன்று மணிக்குக் குலுக்கல்.