ஆண்டவரிடம் குறை சொல்லலாமா?



நம் வீடுகளில் மாட்டியிருக்கும் வசனங்களைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். சங்கீதம் 23 இருக்கும். 91-ம் 121-ம் இருக்கும். கல்யாணப் பத்திரிகை என்றால் 128. ஆனால் 88-ஆம் சங்கீதத்தை யாராவது பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்களா? நான் பார்த்ததில்லை. பதினெட்டு வசனமும் புலம்பல்தான். இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் இல்லை, சிநேகிதர்களும் விலகிப்போனார்கள் என்று சொல்லி, இருளிலேயே முடிந்துவிடுகிறது. கடைசியில் ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தால், வராது.

அப்படிப்பட்ட ஒன்றையும் சேர்த்துத்தான் நமக்கு ஜெபப் புத்தகமாகத் தந்திருக்கிறார்கள். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முறையீடுதான். நாமோ அவற்றையெல்லாம் தாண்டிப்போய், வாக்குத்தத்தம் போலத் தெரியும் வசனத்தை மட்டும் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்கிறோம். (91-ஆம் சங்கீதத்திலிருந்து தனக்கு வேண்டிய வசனத்தை மட்டும் எடுத்து இயேசுவிடம் பேசியது யார் என்று மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் பாருங்கள்!)

நம் குடும்ப ஜெபம் எப்படி நடக்கிறது? முதலில் ஸ்தோத்திரம். பிறகு மகனுக்கு வேலை, மகளுக்கு நல்ல வரன், அப்பாவுக்கு சுகர் குறையணும், ஹவுசிங் லோன் கிடைக்கணும். ஆமென். எழுந்து பாயைச் சுருட்டிவிட்டு அடுப்படிக்குப் போனதும், "இன்னும் எத்தனை வருஷம்தாங்க இதையே கேட்டுக்கிட்டு இருக்கிறது?" என்று குரல் தாழ்த்திச் சொல்கிறோம். மனதில் இருந்தது அதுதான். ஆண்டவரிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

தாவீது அதையே அவரிடம் நேராகக் கேட்கிறார். 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள்; ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை கேட்டுவிடுகிறார். என்னை மறந்துவிட்டீரா, முகத்தை ஏன் மறைக்கிறீர், நான் எத்தனை நாள் மனதுக்குள்ளேயே புழுங்குவது, என் எதிரி எத்தனை நாள் ஜெயிப்பது? அடுத்த இரண்டு வசனம் விண்ணப்பம்: என்னைப் பாரும், பதில் சொல்லும். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும் வருகின்றன. நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? பிரச்சினை தீர்ந்ததாக ஒரு குறிப்பும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

"இது அவிசுவாசம் இல்லையா? வனாந்தரத்தில் முறுமுறுத்த ஜனங்களை ஆண்டவர் தண்டிக்கவில்லையா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 106-ஆம் சங்கீதமே அதற்குப் பதில் சொல்கிறது. அவர்கள் முறுமுறுத்தது தங்கள் கூடாரங்களுக்குள். அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்களே தவிர, அவரிடம் பேசவில்லை. சங்கீதக்காரர்கள் அதைவிடக் கடுமையாகவே பேசுகிறார்கள். ஆனால் அவர் முகத்துக்கு நேராக. அடுப்படியில் நாம் பேசுவது இதில் எந்த வகை என்று நீங்களே சொல்லுங்கள். சிலுவையில் தொங்கியபோது நம் ஆண்டவர் வாயில் வந்ததும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் கேள்விதானே? அதைவிடப் பெரிய அனுமதி நமக்கு எதற்கு?

இன்னொன்று, நமக்கு வெளியே சொல்ல வெட்கமான விஷயங்களுக்கும் அங்கே இடம் இருக்கிறது. லஞ்சம் வாங்கியவன் மாடிக்குமேல் மாடி கட்டுகிறான், நேர்மையாக இருந்த நாம் வாடகை வீட்டில் இருக்கிறோம் என்ற எரிச்சலா? ஆசாப்பும் 73-இல் அதே பொறாமையில்தான் வெந்துபோகிறார். கூடவே ஜெபித்துக்கொண்டிருந்தவர் துரோகம் செய்துவிட்டாரா? 55-ஐப் படியுங்கள். பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் இருக்க, முதுமையில் தள்ளிவிடப்படுவோமோ என்ற பயமா? 71. பெற்ற பிள்ளையே எதிராகத் திரும்பிய வீட்டுக்கு 3-ஆம் சங்கீதம். மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடியபோது தாவீது பாடியது என்று அதன் தலைப்பே சொல்கிறது. அந்த நிலையிலும் மனுஷன் படுத்துத் தூங்கி எழுந்தாராம்!

109, 137 போன்றவற்றைப் படிக்கும்போது நம்மில் பலருக்குத் திக்கென்று இருக்கும். எதிரியை அப்படிச் சபிக்கிறார்கள். அதை அப்படியே நம் மாமியார்மேல் பிரயோகிக்கச் சொல்லவில்லை. இயேசு சத்துருக்களை நேசிக்கச் சொன்னார், அதில் சமரசம் கிடையாது. ஆனால் உள்ளே கொதிக்கும் கோபத்தை வாட்ஸ்அப் குரூப்பில் கொட்டுவதா, ஆண்டவர் முன்னால் கொட்டிப் பழிவாங்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுவதா? பின்னது குடும்பத்துக்கு நல்லது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சுலபமான வழி. இன்றைய தேதியை எடுங்கள், முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். ஏழாம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. ஐந்தையும் மேலோட்டமாகப் பாருங்கள். எது உங்கள் மனதோடு ஒட்டுகிறதோ அதை மட்டும் சத்தமாக, மெதுவாக வாசியுங்கள். ஒரு வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தி, உங்கள் வீட்டு ஆட்களின் பெயரையும் வீட்டுக் கவலையையும் அதிலே சேர்த்துச் சொல்லுங்கள். எதுவும் ஒட்டவில்லையா? அந்த வலியில் இருக்கிற வேறு யாருக்காகவாவது ஜெபியுங்கள். பக்கத்து வீட்டிலேயே ஆள் கிடைப்பார்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் 136 அருமையானது. வசனத்தின் முதல் பாதியை ஒருவர் வாசிக்க, திரும்பத் திரும்ப வருகிற மறுபாதியை மற்றவர்கள் சொல்லலாம். வாசிக்கத் தெரியாத வாண்டும் மூன்றாவது வசனத்திலேயே சேர்ந்துகொள்ளும். 29-ஆம் தேதிக்கு வருகிற 119-க்கு 176 வசனம். அதை அன்று விட்டுவிட்டு 31-ஆம் தேதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வர வேண்டிய சங்கீதங்கள் முதல் தேதியிலேயே வந்துவிடுகின்றன.

அன்புடன்,
ஆசிரியர்