பெட்டி வாங்க முதல் காதைப் பழக்குங்கோ

போன வருசம் ஒரு சனிக்கிழமை, ஸ்ட்ரோம்மன் ஸ்டோர்சென்டரில் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது என் மகள் கேட்டாள்: "அப்பா, நான் டி.ஜே. பழகட்டே?" அவளுக்கு அப்போது பதினைந்து வயது. "படிப்பு என்னாகிறது?" என்ற வழக்கமான பதில்தான் என் வாயிலிருந்து வந்தது. எங்கட ஆக்களுக்கு டி.ஜே. எண்டால் சாமத்திய வீட்டில் மேடையின் மூலையில், லப்டொப்புக்குப் பின்னால் நிற்கிற பொடியன். அவன் என்ன செய்கிறான் என்று ஒருவரும் கேட்பதில்லை. சத்தம் கூடினால் மட்டும் ஒரு மாமா எழும்பிப் போய்ப் பேசுவார்.

ஒரு வருசம் அவளோடு கூட இருந்து பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். இந்தக் கலையைப் பழக விரும்பும் பிள்ளைகள் எங்கட வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் ஒன்றில் கதவைப் பூட்டுகிறோம், இல்லாவிட்டால் காசை அள்ளிக் கொட்டுகிறோம். இரண்டும் பிழை என்பதுதான் என் கருத்து.

முதலில் காசைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய கிளப்புகளில் வைத்திருக்கிற பிளேயர் இரண்டும் மிக்சரும் வாங்கப் போனால், ஒரு பழைய கார் வாங்குகிற காசு முடிந்துவிடும். தொடங்குகிற பிள்ளைக்கு அது தேவையில்லை. வீட்டில் இருக்கிற லப்டொப், இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸ் என்ற மென்பொருள், வயர் உள்ள ஒரு ஹெட்போன் போதும். புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் சத்தம் சற்றுப் பிந்தித்தான் காதுக்கு வரும். தாளம் பிடிக்கப் பழகுகிறவருக்கு அந்தச் சிறு தாமதமே வேலையைக் கெடுத்துவிடும். மூன்று மாதம் போன பிறகும் பிள்ளைக்கு ஆசை குறையாவிட்டால், பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற இரண்டு சனல் கொன்ட்ரோலர் ஒன்றை ஃபின்னில் பாவித்ததாகத் தேடி வாங்குங்கோ.

அடுத்தது பயிற்சி. ஒரு பாட்டு மண்டபத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, அடுத்த பாட்டை ஹெட்போனில் தனியாகக் கேட்டு, இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தி, சரியான இடத்தில் உள்ளே விடுவதுதான் அடிப்படை. மென்பொருளில் உள்ள 'சிங்க்' பொத்தானை அமத்தினால் வேகம் தானாகவே சமமாகும். பிறகு ஏன் பழக வேண்டும் என்று மகள் கேட்டாள். பதில் எங்கட பாட்டுகளிலேயே இருக்கிறது. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகள் பெரும்பாலும் வாத்தியக்காரர் ஒன்றாக இருந்து வாசித்துப் பதிவானவை. மனிதக் கையின் தாளம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். 1992இல் 'ரோஜா'வோடு ஏ.ஆர். ரகுமான் வந்த பிறகுதான் கணினித் தாளம் தமிழ்ப் பாட்டில் பரவலானது. பழைய பாட்டையும் புதிய பாட்டையும் சிங்க் போட்டுச் சேர்த்துப் பாருங்கோ, அரை நிமிசத்தில் இரண்டு தாளமும் குதிரை ஓடுவதுபோல் முட்டிக்கொள்ளும்.

டப்பாங்குத்து இன்னொரு சோதனை. அது ஆறெட்டுத் தாளத்தில் போகும். கிளப் பாட்டு நாலு நாலாகப் போகும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நீளமாக ஓடவிட்டால் கால் தடுமாறும். அந்த இடத்தில் ஒரு பாட்டை வெட்டி மற்றதைத் தொடங்குவதுதான் அழகு. சினிமாப் பாட்டுக்கு, கிளப் பாட்டுக்கு இருப்பதுபோல் நீண்ட தொடக்கமும் முடிவும் இல்லை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசையில்தான் மாற வேண்டும். ஆகவே தினமும் பத்து நிமிசம் சிங்கை நிறுத்தி, திரையில் தெரியும் வேக எண்ணையும் மறைத்துவிட்டு, காதால் மட்டும் இரண்டு பாட்டைச் சேர்க்கச் சொல்லுங்கோ. ஆயிரம் பாட்டுச் சேர்ப்பதைவிட ஐம்பது பாட்டை மூச்சுப்போல் அறிந்திருப்பது மேல்.

இனி ஒரு உண்மைக் கதை. எங்கட சொந்தத்தில் ஒரு பெரியப்பாவின் அறுபதாவது பிறந்தநாள். மகளுக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். தாளம் பிசகாமல் நல்லாகத்தான் போட்டாள். நடுவில் சென்னைக் கானா ஒன்றை விட்டாள். அடி அந்த மாதிரி அடி. ஆனால் அது செத்தவீட்டுக் கானா! இளசுகள் ஆடினார்கள். பெரியம்மாவின் முகம் கறுத்துப் போனது. பெரியப்பா மட்டும் சிரித்துக்கொண்டு, "விடுங்கோ, பிள்ளைக்கு விளங்கேல்லை" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலமை தன்னுடைய பாட்டுப் பட்டியலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அப்பா, ஒவ்வொண்டும் என்னத்தைப் பற்றின பாட்டு எண்டு சொல்லுங்கோ."

தமிழ்ப் பள்ளியை ஏழாம் வகுப்போடு விட்டவள் அவள். இப்போது பிரிவு, தாலாட்டு, ஒப்பாரி என்று சொல் கேட்டு எழுதி வைக்கிறாள். 1998இல் இங்கே வந்த நான், பிள்ளைக்குத் தமிழ் ஒட்டவில்லையே என்று எவ்வளவோ கவலைப்பட்டவன். வழி இந்தப் பக்கத்தால் வரும் என்று நினைக்கவில்லை.

"இது எங்கட கலையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பரதத்துக்கும் மிருதங்கத்துக்கும் அரங்கேற்றம் வைக்க நாங்கள் செலவழிப்பது கொஞ்சமல்ல, அது வேண்டும்தான். ஆனால் ஹிப்ஹொப் தொடங்கிய கதையையும் பாருங்கோ. ஜமேக்காவிலிருந்து நியூயோர்க்குக்குக் குடிவந்த ஒரு பொடியன், கூல் ஹேர்க், 1973 ஓகஸ்ட் 11 அன்று தங்கச்சி வைத்த விருந்தில், தாங்கள் குடியிருந்த மாடிக் கட்டிடத்தின் பொது அறையில் பாட்டுப் போட்டான். பாட்டில் தாளம் மட்டும் வரும் இடத்தில்தான் சனம் கூட ஆடுகிறது என்று கவனித்தவன், ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்து அந்த இடத்தை நீட்டினான். ஆடுகிற சனத்தைப் பார்த்துப் பழகியவன் அவன். அகதி, குடியேறி என்று வந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் என்ன அந்நியம்?

இங்கே வசதிக்குக் குறைவில்லை. ஒவ்வொரு கொம்யூனும் கல்ச்சர்ஸ்கூல் வைத்திருக்க வேண்டும் என்பது நோர்வேயில் சட்டம். டி.ஜே. வகுப்பு எல்லா இடத்திலும் இராது, ஆனால் கேட்டுப் பாருங்கோ. கேட்கிற பெற்றோர் கூடினால்தான் வகுப்பும் வரும். பக்கத்து இளைஞர் கிளப்பில் பெட்டி இருக்கிறதா என்றும் விசாரியுங்கோ. காதையும் பாருங்கோ. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு என்று ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். எங்கட மண்டபங்களில் ஸ்பீக்கர் பக்கம் நிற்கிற பிள்ளைக்குக் காதடைப்பான் கட்டாயம்.

கடைசியாக, விழா வைக்கிற சங்கங்களிடமும் குடும்பங்களிடமும் ஒரு வேண்டுகோள். சனம் சாப்பிடுகிற அந்த முதல் அரை மணி நேரத்தை, பழகுகிற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கோ. அனுபவமுள்ள டி.ஜே. அண்ணாவோ அக்காவோ பக்கத்தில் நிற்கட்டும். "எங்கட பிள்ளைதானே" என்று சும்மா விடாமல் கையில் ஒரு சின்னத் தொகையும் கொடுங்கோ. பிள்ளை தன் அரை மணி நேரத்தைப் பதிவுசெய்து வீட்டில் திருப்பிக் கேட்கட்டும். பிழை எங்கே என்று வேறு ஒருவரும் சொல்லத் தேவையிராது.

வாற மாதம் என் மகளுக்கு இன்னொரு பிறந்தநாள் விழாவில் அரை மணி நேரம் கிடைத்திருக்கிறது. பட்டியலை முதலில் பெரியம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். இரண்டு பாட்டை அவர் வெட்டிவிட்டார், மூன்றைச் சேர்த்திருக்கிறார்.