கேம்பிரிட்ஜுக்குப் போகும் பெட்டி



கடல் கடந்து வாழும் மக்களைக் காணச் செல்லும் பெற்றோர் என்னென்ன பண்டங்களைக் கொண்டுபோகலாம் என்று சென்ற இதழில் இப்பகுதியில் எழுதியிருந்தோம். புளி, இரசப்பொடி, அப்பளம், வடகம், சுண்டைக்காய் வற்றல் என்று பட்டியல் நீண்டது. சித்தூர் அன்பர்கள் சிலர் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டதாகக் கூடச் சொன்னார்கள். நமக்குச் சிறிது பெருமையாகவே இருந்தது. அந்தப் பெருமை பதினைந்து நாட்கள்தான் நிலைத்தது.

திருப்பதியில் நம் தெருக்கோடி வீட்டில் சங்கத்து உறுப்பினரான அம்மையார் ஒருவர் வசிக்கிறார். வயது அறுபத்திரண்டு. வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, கணவருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்ததை முன்னிட்டுச் சித்தூருக்குக் குடிவந்தவர். கணவர் காலமான பிறகு திருப்பதிக்கு வந்துவிட்டார். ஒரே மகள் மணமாகி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கிறாள். கார்த்திகையில் பேறுகாலம். ஐப்பசியிலேயே தாயார் புறப்பட வேண்டும். அம்மையார் விமானத்தை இதுவரை அண்ணாந்து பார்த்திருக்கிறாரே தவிர ஏறியதில்லை. நமது பட்டியலை முழுதும் நம்பிப் பெட்டி கட்டிய முதல் வாசகர் அவர்தான்.

"தம்பி, பெட்டி மூடமாட்டேன் என்கிறது. கொஞ்சம் வந்து பார்க்கிறாயா?" என்று ஒரு ஞாயிறு காலையில் கூப்பிட்டனுப்பினார்.

இரயில்வே குமாஸ்தா என்றால் மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவான் என்று ஊரார் எண்ணுகிறார்கள். உண்மையில் நாம் தூக்குவது பேரேடு; மூட்டை தூக்குகிறவர்கள் வேறு. ஆயினும் சென்றோம். பழைய இரும்புக்கடைத் தராசில் வைத்துப் பார்த்ததில் பெட்டி 29 கிலோ நின்றது. திருப்பதியிலிருந்து சென்னைக்கு இரயிலில் போகிறவர் இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும், படுக்கை வகுப்பில் 40 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். அம்மையாரின் விமானச் சீட்டிலோ ஒரே பெட்டி, 23 கிலோ என்று கண்டிருந்தது. ஆக, 6 கிலோவைக் குறைத்தாக வேண்டும்.

பெட்டியைத் திறந்தோம். முதலில் கண்ணில் பட்டது ஒரு பெரிய டப்பா நெய். பிரிட்டனுக்குள் நம் நாட்டிலிருந்து செல்கிறவர்கள் பால், நெய், வெண்ணெய் முதலிய பாற்பொருள்களையும் இறைச்சியையும் கொண்டுபோகக் கூடாது, துறையிலேயே பறித்துக்கொள்வார்கள். இதைச் சென்ற இதழில் நாம் குறிப்பிடத் தவறினோம். அம்மையார் விடுவாரா?

"மோர்மிளகாய்?"

"அதிலும் மோர் இருக்கிறதே, அம்மா."

"காய்ந்துபோன மோர்தானே!"

வழக்கில் நாம் வென்றோம் என்று சொல்ல முடியாது. ஆயினும் மோர்மிளகாய் வெளியே வந்தது. அடுத்து ஆறு மூடிக் கொப்பரை. எண்ணெய்ச் சத்து மிகுந்திருப்பதால் எளிதில் தீப்பற்றும் என்று கருதி, காய்ந்த தேங்காயை விமானத்தில் ஏற்ற விடுவதில்லை. அதையும் எடுத்தோம். ஊறுகாய் ஜாடியைக் கைப்பையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்த்த பண்டம் எதுவும் கைப்பையில் செல்லாது; எண்ணெயில் மிதக்கும் ஆவக்காயும் அந்தக் கணக்கில்தான் சேரும். மலைக்குச் சென்று வாங்கி வந்த லட்டு இரண்டு இருந்தன. சுவாமி பிரசாதம்தான், ஆனால் சுங்க அதிகாரி பார்ப்பது அதிலுள்ள நெய்யை. ஒளிக்காமல் அவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நடந்துகொள்ளும்படி கேட்டுக்கொண்டோம்.

இவ்வளவு எடுத்தும் 2 கிலோ மிஞ்சியது. "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அம்மையார். நாம் வீடு திரும்பிக் காப்பி அருந்துவதற்குள், எடை சரியாகிவிட்டது என்று செய்தி வந்தது. நமக்கு ஐயம் தட்டியது. மீண்டும் போய்ப் பார்த்தோம். கட்டிலின்மேல் ஒரு கம்பளி மேலங்கி, இரண்டு உட்கம்பளிச் சட்டைகள், ஒரு சோடிக் காலணி, காலுறைகள் ஆகியவை அடுக்கியிருந்தன. மகள் பணம் அனுப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னவை அவை. பெட்டியில் மகளுக்கான இஞ்சி லேகியமும், சுக்கும், பிறக்கப்போகும் குழந்தைக்கான பழைய வேட்டித் துணிகளும் பத்திரமாக இருந்தன. அம்மையார் தமக்கென்று எடுத்துக்கொண்டது ஐந்து நூல் புடவைகள் மட்டுமே.

"எனக்கு என்ன தம்பி, வீட்டுக்குள்தானே இருக்கப்போகிறேன்!"

அந்த ஊரில் மார்கழி மாதத்தில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இங்கே நாம் குளிர் என்று சொல்லுகிற குளிர் அங்கே குளிர் அன்று. எடுத்துச் சொல்லிப் பார்த்தோம். அவர் தலையை ஆட்டினாரே ஒழிய மேலங்கியைத் தொடவில்லை. அப்போதுதான் அவருக்கு வேறொரு குமாஸ்தாவின் கதையைச் சொல்லத் தோன்றியது. நேயர்களில் பலர் அவரைக் கணித மேதையாகவே அறிவார்கள். நமக்கோ அவர் முதலில் ஒரு குமாஸ்தா, பிறகுதான் மற்றதெல்லாம்.

ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டு பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், 1912 மார்ச்சு முதல் தேதியன்று சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். மெட்ரிகுலேஷன் தேறியவர், கல்லூரித் தேர்வில் தவறியவர். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் கணக்குகளை எழுதியனுப்பினார். ஹார்டி அவரை வரவழைக்க விரும்பினார். கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம் என்று வீட்டார் தயங்கினார்கள். 1914-இல் சென்னைக்கு வந்த நெவில் என்ற இளம் கணித அறிஞரிடம், போக இசைவதாக இராமானுஜன் சொல்லிவிட்டார். நாமகிரித் தாயார் தாயின் கனவில் தோன்றி அனுமதி தந்ததாகக் குடும்பத்தார் சொல்லிவந்தனர். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும், கப்பல் கட்டணமும், உடைக்கான செலவும் கொடுத்தது. உதவித்தொகையிலிருந்து மாதம் 60 ரூபாயைப் பெற்றோருக்கு அனுப்பிவிடும்படி அவரே ஏற்பாடு செய்துகொண்டார். பிழைப்புக்காக வெளியூர் வந்த நமக்கு அந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

புறப்படுமுன் அவருக்கு நடந்த ஆயத்தங்களைப் பாருங்கள். ஐரோப்பிய உடைகள் தைத்தாயின. கத்தியும் முள்ளும் பிடித்து உண்ணும் பழக்கம் கற்பிக்கப்பட்டது. குடுமி எடுக்கப்பட்டது. அந்தக் கோலத்தில் தம்மைக் காண வேண்டாம் என்று தாயையும் மனைவியையும் அதற்கு முன்பே கும்பகோணத்துக்கு இரயிலேற்றி அனுப்பிவிட்டார். அந்த வண்டி எழும்பூரை விட்டுப் புறப்பட்ட வேளையை நாம் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்ததுண்டு. நடைமேடையில் நாள்தோறும் பிரிவுகளைப் பார்ப்பது நம் தொழில். எனினும், போகிறவன் தன்னை வழியனுப்ப வந்தவர்களை முதலில் வழியனுப்பிவிடுவது அபூர்வம்.

1914 மார்ச்சு 17-இல் 'நெவாசா' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. ஏப்ரல் 14-இல் இலண்டன் சேர்ந்தார். நெவில் வந்து அழைத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் முதலில் அவர் வீட்டிலேயே தங்கினார். பிறகு டிரினிடி கல்லூரியில் தனியறை கிடைத்தது. தாமே சமைத்து உண்டார். ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. மரக்கறி உணவுக்காரருக்கு அது சோதனைக் காலம். ஊரிலிருந்து புளி முதலியன பார்சலில் போயின. ஆகவே நம் பட்டியலுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வமிசாவளி உண்டு என்பதை இவ்விடத்தில் பணிவுடன் சொல்லிக்கொள்கிறோம்.

ஒரு குளிர்நாளில், அதே ஊரில் படித்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ் என்ற வங்காள இளைஞர் அவரைப் பார்க்க வந்தார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்தவர் இவரே. இரவில் குளிர் தாங்கவில்லை, மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன் என்றார் இராமானுஜன். போதிய கம்பளிகள் கொடுக்கவில்லையோ என்று மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் குறைவில்லாமல் இருந்தன. அங்கத்திய வழக்கப்படி அவற்றை மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகி மேலே விரிப்பைப் போட்டிருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்பின்மேலேயே படுத்து இரவெல்லாம் நடுங்கியிருக்கிறார். யாரையும் கேட்கவும் இல்லை.

1917-இல் நோயுற்றார். 1919-இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் காலமானபோது வயது 32. காசநோய் என்று அந்நாளில் சிகிச்சை செய்தார்கள். அது அமீபாவினால் வந்த கல்லீரல் நோயாக இருக்கலாம் என்று 1994-இல் மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். ஆதலால் குளிரே அவரைக் கொன்றது என்று நாம் சொல்லவில்லை; அம்மையாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. கம்பளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நடுங்கினார் என்பதை மட்டும் சொன்னோம்.

அம்மையார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கம்பளியைக் காட்டிக்கொடுத்தது யார் என்றாய்?" என்று கேட்டார்.

"ஒரு வங்காளத்துப் பிள்ளை, அம்மா."

"நல்லா இருக்கணும்" என்றார். மஹலனோபிஸ் 1972-இல் காலமாகிவிட்டார் என்பதை நாம் சொல்லவில்லை.

அன்று மாலையே மகளோடு தொலைபேசியில் பேசினோம். கேம்பிரிட்ஜில் மில் ரோடு என்று ஒரு தெருவாம். நம்மவர் சமையலுக்கு வேண்டிய மளிகை அங்கே பெரும்பாலும் கிடைக்கிறதாம். "புளியும் பருப்பும் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். வேட்டித் துணி மட்டும் கட்டாயம் வேண்டும், அது இங்கே கிடைக்காது" என்றாள். அத்துடன் நமது பட்டியலில் பாதி விழுந்தது. மேலங்கி பெட்டிக்குள் போகாமல் அம்மையாரின் கையில் ஏறியது. கனமான உடையைப் பெட்டியில் அடைப்பானேன்? இறங்கும்போதே தேவைப்படுவது அதுதான்.

மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இரத்த அழுத்த மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டும் சேர்த்துக் கைப்பையில் வைத்தோம். பிரயாணக் காப்புறுதி எடுக்கச் செய்தோம். அங்கே வருகையாளர் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தால், அரசு மருத்துவத்துறையே செலவில் ஒன்றரை மடங்கு வசூலிக்கிறது. நம் ஊர்ச் செருகிகள் அங்குள்ள சுவர்த்துளைகளில் பொருந்தா. மாற்றுச் செருகி ஒன்று வாங்கினோம். மகள் வீட்டு முகவரியைத் தடித்த எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கடவுச்சீட்டின் உறைக்குள் வைத்தோம். இலண்டனில் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து விரைவு வண்டி ஒரு மணி நேரத்துக்குள் கேம்பிரிட்ஜ் போய்விடும். ஆனால் 1845-இல் திறந்த அந்த நிலையம் ஊர் நடுவிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளியிருக்கிறது. பெட்டியோடு நடக்க எண்ணலாகாது. மருமகன் விமான நிலையத்துக்கே வந்துவிடுவதாகச் சொன்னதால் இந்த ஆராய்ச்சி அம்மையாருக்குப் பயன்படவில்லை. இரயில் சமாசாரம் என்பதால் நாம்தான் விடாமல் படித்துவைத்தோம்.

காலணிதான் பெரும்பாடு. இராமானுஜனுக்கும் காலணி ஒத்துக்கொள்ளவில்லை, கல்லூரி முற்றத்தில் செருப்போடு நடப்பார் என்பார்கள். அம்மையார் பத்து நாள் அந்திவேளையில் காலுறையும் காலணியும் அணிந்து தெருவில் நடை பழகினார். தெருப்பிள்ளைகள் முதல் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் கூடவே நடந்தார்கள். போர்வைக்குள் நுழைந்து படுப்பதற்கும் நம் வீட்டு மெத்தையில் ஒத்திகை நடந்தது. நம் வீட்டுக்காரி மெத்தை ஓரங்களில் கம்பளியை இறுகச் செருகிக் காட்டினாள்.

புறப்படும் நாளன்று பெட்டி 22½ கிலோ. சப்தகிரி வண்டியில் சன்னலோரம் அமர்த்திவிட்டு இறங்கினோம். மேலங்கியை மடியில் குழந்தையைப் போல் வைத்துக்கொண்டிருந்தார். வண்டி நகரும்போது, "தம்பி, மோர்மிளகாயை வெயிலில் காட்டு, பூசணம் பிடிக்கப்போகிறது" என்றார்.

கொப்பரையும் நெய்யும் நம் வீட்டில்தான் இருக்கின்றன. நெய் பாதி தீர்ந்துவிட்டது என்பதை மட்டும், இந்த இதழ் கேம்பிரிட்ஜுக்குப் போனாலும் போகலாம் ஆதலால், இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.