ஒலிவாங்கிக்கு முன் குளிர்விப்பான்

களப்பணிக்குப் புறப்படும் இளைய ஆய்வாளர்கள் அவ்வப்போது என்னிடம் கேட்பது, எந்த ஒலிவாங்கியை வாங்கலாம் என்பது. அண்மைக்காலமாக நான் கூறும் விடை அவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது. பதிவை வீட்டுக் கணினியில் செய்வதாக இருந்தால், முதலில் அதன் செயலிக்கு ஓசையடங்கிய ஒரு குளிர்விப்பானை வாங்குங்கள். ஒலிவாங்கி அதன் பிறகு.

என் அறை பழவங்காடியில், தெருவை ஒட்டிய மாடியில் உள்ளது. விடிந்தது முதல் கணபதி கோயிலில் தேங்காய் உடையும் ஓசை, கிழக்கேகோட்டைக்கு வந்து திரும்பும் பேருந்துகளின் ஒலிப்பான்கள், சாலைக் கம்போளத்துக்குச் சரக்கேற்றிச் செல்லும் வண்டிகள். பதிவுக்காகச் சன்னலைச் சாத்தி, கூரை விசிறியை நிறுத்தி, கனத்த திரையை இழுத்துவிட்டால் தெரு பெருமளவு அடங்கிவிடும். அடங்காமல் எஞ்சுவது மேசைக்கடியில் இருக்கும் கணினி. காற்றோட்டம் நின்ற அறையில் வெப்பம் ஏறும். வெப்பம் ஏற ஏறச் செயலியின் விசிறி விரைந்து சுழலும். அமைதிக்காக நாம் செய்யும் ஏற்பாடே கணினியை இரைய வைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், தென் திருவிதாங்கூர்த் தமிழ் பேசும் முதிய பெண்மணி ஒருவரின் பேச்சை இந்த அறையில் பதிவு செய்தேன். மெல்லப் பேசுபவர். அப்போது என் கணினியில் இருந்தது, செயலியோடு பெட்டிக்குள்ளேயே வந்த சிறு குளிர்விப்பான். அதன் ஓசை எனக்குப் பெரிதாகப் படவில்லை. தொடர்ந்து கேட்கும் ஓசையை மனம் புறந்தள்ளிவிடும், ஒலிவாங்கி புறந்தள்ளாது. பிராட் மென்பொருளில் ஒலி நிறமாலையை விரித்தபோதுதான், சொற்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு வெளியிலும் சாம்பல் நிறப் படலம் படிந்திருப்பதைக் கண்டேன்.

அந்தப் படலத்துக்கு இரண்டு கூறுகள் உண்டு. ஏழு இறக்கைகள் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 1,500 முறை சுழன்றால் நொடிக்கு 25 சுற்று. ஏழால் பெருக்கினால் 175 ஹெர்ட்ஸில் ஒரு தொனி எழும். பெண்களின் பேச்சுக்குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரை அமைவது. விசிறி அந்த எல்லைக்குள்ளேயே வந்து அமர்கிறது. இரண்டாவது கூறு, தகடுகளுக்கிடையே கலங்கிப் பாயும் காற்றின் பரந்த இரைச்சல். 'அகம்' என்னும் சொல்லில் உயிர்களுக்கிடையே வரும் ககரம் நம் பேச்சில் உரசொலியாக நெகிழ்கிறது. உரசொலி என்பதும் இயற்பியல் நோக்கில் ஒருவகை இரைச்சலே. ஆகவே இரைச்சலை நீக்கும் மென்பொருளை இயக்கினால், அது விசிறியோடு சேர்த்து ககரத்தையும் அரித்துவிடுகிறது. எனக்குத் தேவைப்பட்டதே அந்த நெகிழ்ச்சியின் அளவுதான். மீண்டும் பதிவு செய்யவும் வழியில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிற்று.

கையடக்கப் பதிவுக்கருவி இருக்கக் கணினி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். களத்தில் அதுவே சரி. ஆனால் திரையில் படமும் சொல்லும் காட்டிப் பேச வைக்கும் அமர்வுகளிலும், கேட்டல் சோதனைகளிலும் கணினி அறையில் இருந்தே ஆகவேண்டும். பதிவை எழுத்துப்படுத்தும் நூற்றுக்கணக்கான மணி நேரமும் அதன் அருகிலேதான் கழிகிறது.

குளிர்விப்பானைத் தேர்ந்தெடுக்கும்போது வெப்பநிலைப் பட்டியல் ஒன்றையே பார்ப்பது தவறு என்பது என் கருத்து. இன்டெல் ஐ5-12400 போன்ற செயலியின் அடிப்படை மின்திறன் 65 வாட். உச்சத்தில் 117 வாட். அது தாங்கும் வெப்ப வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அவ்வாறிருக்க 75 டிகிரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காற்றாலோ நீராலோ இயங்கும் எந்தக் குளிர்விப்பானும் அறையின் வெப்பத்துக்குக் கீழே செயலியைக் கொண்டு செல்லாது. 22 டிகிரி அறையில் அளந்து வெளியிட்ட எண்ணை 32 டிகிரி அறையில் படிக்கும்போது ஏறத்தாழப் பத்து டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து டிகிரி குறைப்பதற்காக விசிறியை அலறவிடுவது வீண்.

ஓசையைக் குறைக்கும் வழி, பெரிய விசிறியை மெல்லச் சுழற்றுவது. ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை ஏறத்தாழ 15 டெசிபல் குறையும் என்பது விசிறிப் பொறியியலின் பொதுக் கணக்கு. மெல்லச் சுழன்றும் போதிய வெப்பத்தை அகற்ற வேண்டுமானால் தகடுகளின் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். கோபுர வடிவக் குளிர்விப்பான்களின் பயன் இங்கேதான். அவற்றின் செப்புக் குழாய்களுக்குள் சிறிதளவு நீர் குறைந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். செயலியின் மேல் அது ஆவியாகி, தகடுகளுக்கிடையே குளிர்ந்து, குழாயின் உட்சுவர்த் திரி வழியே மீண்டும் கீழே வரும். அந்தக் குழாய்க்குள் ஓசை எழுப்பும் உறுப்பு எதுவும் இல்லை. நீர்க்குளிர்விப்பு அமைப்புகளிலோ விசிறிகளோடு ஒரு பம்பும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய் வழியே நீரும் சிறிது சிறிதாகக் குறைகிறது. 200 வாட்டைத் தாண்டும் செயலிகளுக்கு அவை பொருந்தலாம். ஆய்வாளரின் வீட்டுக் கணினிக்கு அவை தேவையற்ற செலவு.

120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட ஒற்றைக் கோபுரம் 65 வாட் செயலிக்குத் தாராளமாகப் போதும். நாக்டுவாவின் என்எச்-யு12எஸ் ஓசைக்குப் பெயர்பெற்றது, விலை கூடுதல். தெர்மல்ரைட் போன்றோர் அதைவிடக் குறைந்த விலைக்கு ஒத்த வடிவத்தைத் தருகின்றனர். வாங்குமுன் பெட்டியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். என்எச்-யு12எஸ்-இன் உயரம் 158 மில்லிமீட்டர். ஒடுக்கமான பெட்டியின் பக்கத் தகடு மூடாது. செயலி பொருந்தும் சாக்கெட்டையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். இன்டெலின் எல்ஜிஏ 1700-இல் திருகுத் துளைகளின் இடைவெளி 78 மில்லிமீட்டர், அதற்கு முந்தைய 1200-இல் 75. பொருத்தும்போது அடித்தகட்டின் மீதுள்ள பாதுகாப்புத் தாளை உரித்துவிடுங்கள், மறப்பவர் பலர். வெப்பப்பசை ஒரு பட்டாணி அளவு போதும்.

அடுத்து, செலவில்லாத வேலை. பயாஸ் அமைப்பில் விசிறியின் வேகக் கோட்டை மாற்றி, 60 டிகிரி வரை குறைந்த வேகத்திலேயே ஓடவிடுங்கள். செயலியின் மின்திறன் வரம்பை 65 வாட்டில் நிறுத்துங்கள். ஒலிப்பதிவு செயலிக்குப் பெரும் சுமையன்று. இந்தக் கட்டுப்பாட்டால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. பிறகு அறையின் வெறுமையை ஒரு நிமிடம் பதிவு செய்து, நிறமாலையில் பாருங்கள். குளிர்விப்பான் நன்றா என்பதை விளம்பரத்தின் டெசிபல் எண்ணைவிட அந்த ஒரு நிமிடம் உண்மையாகச் சொல்லும்.

நிதி கோரும் விண்ணப்பங்களில் ஒலிவாங்கிக்கு ஒரு வரி எப்போதும் இருக்கிறது. கணினியின் ஓசைக்கு ஒரு வரி இருந்து நான் கண்டதில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த அம்மையாரின் நாற்பது நிமிடப் பதிவு இன்றும் என்னிடம் உள்ளது. அதில் ககரத்தை நம்பி அளக்கத்தக்க இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே.